எடையும் பாதையும்: மில்வாக்கியிலிருந்து பேர்டூத் கணவாய் வரை

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள மில்வாக்கி நகரத்திலிருந்து மேற்கே புறப்பட்டு, மிசிசிப்பி, மிசூரி ஆகிய பேராறுகளைக் கடந்து, தெற்கு டகோட்டாவின் புல்வெளிகள் வழியாகப் பிளாக் ஹில்ஸ் மலைகளை அடைந்து, அங்கிருந்து வயோமிங், மொன்டானா மாநிலங்களின் எல்லையில் உள்ள பேர்டூத் கணவாயில் ஏறும் வழி 2,000 கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளம் கொண்டது. கனரக மோட்டார் சைக்கிள்களின் இரு பெரும் வகைகளான க்ரூசரும் டூரிங் வண்டியும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் இவ்வழியில் அணிவகுத்துச் செல்வதால், அவற்றின் நிறைகுறைகளை ஓட்டுநர்கள் வாயாலேயே கேட்டறிய இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. தாழ்ந்த இருக்கையும், முன்னோக்கிச் சாய்ந்து நீளும் ஃபோர்க்கும், கால்களை முன்னே நீட்டி அமரும் அமைப்பும் கொண்டது க்ரூசர். அதே வகை உடலின் மீதோ, தனியாக வடிவமைக்கப்பட்ட உடலின் மீதோ காற்றைத் தடுக்கும் முகப்புக்கூடு, பக்கப் பெட்டிகள், பின்னால் அமர்பவருக்கு முதுகுச் சாய்மானம் ஆகியவற்றைச் சேர்த்து நெடுந்தொலைவுக்கென ஆக்கப்பட்டது டூரிங் வண்டி. இரண்டுக்கும் பொதுவானது எடை. முந்தையது 300 கிலோவை ஒட்டியும், பிந்தையது 400 கிலோவை நெருங்கியும் நிற்க, அந்த எடை வரமா சுமையா என்னும் வழக்கே இப்பாதை நெடுகிலும் நடந்துகொண்டிருக்கிறது.

மில்வாக்கி: எடை சேர்ந்த வரலாறு

வில்லியம் ஹார்லி, ஆர்தர் டேவிட்சன் ஆகிய இரு இளைஞர்கள் 1903-இல் தொடங்கிய நிறுவனத்தின் அருங்காட்சியகம், மெனாமனி ஆற்றை ஒட்டிய பழைய தொழிற்பகுதியில் 2008 முதல் இயங்குகிறது. அங்குள்ள மிகப் பழைய வண்டி, தடித்த சைக்கிள் சட்டத்தில் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தியது போன்ற எளிய தோற்றம் உடையது. அதிலிருந்து அறை அறையாக நடந்து செல்பவருக்கு, எடை ஒரே நாளில் வந்ததல்ல என்பதும் ஒவ்வொரு வசதியும் தன் பங்கைச் சேர்த்தே இந்த உருவம் உண்டானது என்பதும் விளங்கும். 1965-இல் வந்த எலெக்ட்ரா கிளைட் என்னும் வண்டி இதற்குத் தக்க சான்று. காலால் உதைத்துக் கிளப்ப வேண்டியிருந்த பெரிய எஞ்சினைப் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதியை அது கொடுத்தது. அந்த வசதிக்காக ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பெரிய பேட்டரியையும் சுமந்து முன்னதைவிடக் கனத்தது.

இந்நிறுவனத்தின் மரபான எஞ்சின்களில் இரு சிலிண்டர்கள் 45 டிகிரி கோணத்தில் வி வடிவில் நிற்கின்றன. இரு பிஸ்டன்களின் தண்டுகளும் கிராங்க்ஷாஃப்டில் ஒரே ஊசியில் பிணைக்கப்பட்டிருப்பதால், எரிதல்கள் சீரான இடைவெளியில் நிகழாமல் ஒரு முறை 315 டிகிரியிலும் மறு முறை 405 டிகிரியிலுமாக மாறிமாறி நிகழ்கின்றன. நின்றிருக்கும் வண்டியில் கேட்கும் தடுமாறிய தாளம் இதன் விளைவே. அந்த ஒலியை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய 1994-இல் விண்ணப்பித்த நிறுவனம், போட்டியாளர்களின் எதிர்ப்புக்குப் பின் 2000-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த முறுக்குவிசையை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் வலுவை, இவ்வகை எஞ்சின் தருவதால் அடிக்கடி கியர் மாற்றத் தேவையில்லை என்பது இதன் நிறை. அதிர்வு ஓட்டுநரின் கைக்கும் இடுப்புக்கும் ஏறுவது குறை. 1980 முதல் டூரிங் வண்டிகளில் எஞ்சினை ரப்பர் தாங்கிகள் மீது அமர்த்தி அதிர்வைத் தணித்ததும், 2017-ஆம் ஆண்டு வண்டிகளுக்கென எட்டு வால்வுகள் கொண்ட புதிய எஞ்சினை அறிமுகப்படுத்தியதும் அக்குறையைக் களையும் முயற்சிகளே. ஆயினும் அருங்காட்சியக வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த வயது முதிர்ந்த விஸ்கான்சின்காரர் ஒருவர், அதிர்வே இல்லாத வண்டி தமக்கு வேண்டாம் என்றும், கையில் துடிப்பு தெரிந்தால்தான் எஞ்சினின் உடல்நலம் தெரியும் என்றும் கூறினார். குறையெனத் தொழிற்சாலை கருதியதை உரிமையாளர் நிறையெனக் கொள்ளும் இம்முரண் வழியெல்லாம் தொடர்கிறது.

ஐ-90 நெடுஞ்சாலை: காற்றின் கணக்கு

வெண்ணெய் ஒழுகும் பர்கரும், பொரித்த பாலாடைக்கட்டித் துண்டுகளும் விற்கும் விஸ்கான்சின் ஊர்களைத் தாண்டி, லா கிராஸ் நகரில் மிசிசிப்பியைக் கடந்ததும், மினசோட்டாவின் சோளக்கொல்லைகளும் சோயா வயல்களும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிகின்றன. வளைவு என்பதே அரிதான இச்சாலையில் ஓட்டுநர் எதிர்கொள்ளும் ஒரே எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகப் பெருகுவதால், மணிக்கு 60 கிலோமீட்டரில் மார்பைத் தடவிச் செல்லும் காற்று, 120-இல் நான்கு மடங்கு விசையுடன் அழுத்துகிறது. தெற்கு டகோட்டாவுக்குள் நுழைந்ததும் வேக வரம்பு மணிக்கு 80 மைல், அதாவது ஏறத்தாழ 129 கிலோமீட்டர். கால்களை முன்னே நீட்டி, கைகளை அகல விரித்து, கூடு ஏதுமின்றிக் க்ரூசரில் செல்பவர் அந்த வேகத்தில் பாய்மரம் போலக் காற்றை வாங்குகிறார். நகர வீதியில் கம்பீரமாகத் தோன்றும் அதே அமர்வு, இங்கே ஹேண்டில்பாரைப் பற்றித் தொங்கும் வேலையாகிறது. உடலெடை முழுவதும் முதுகெலும்பின் அடிநுனியில் இறங்குவதால் ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் இறங்கி இடுப்பைத் தேய்த்துக்கொள்வோர் பெரும்பாலும் க்ரூசர்காரர்களே.

ஹோண்டா நிறுவனத்தின் கோல்ட் விங் இந்நிலத்தில் பெற்ற மாற்றம் குறிப்பிடத்தக்கது. 1974-இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் அறிமுகமானபோது அது முகப்புக்கூடோ பெட்டிகளோ இல்லாத 999 சிசி வண்டியாகவே இருந்தது. கிரெய்க் வெட்டர் வடிவமைத்த விண்ட்ஜாமர் போன்ற கூடுகளை அமெரிக்க ஓட்டுநர்கள் தாமே வாங்கிப் பொருத்திக்கொண்டனர். 1980-இல் ஹோண்டாவே கூட்டையும் பெட்டிகளையும் பொருத்தி விற்கத் தொடங்கியது. அவ்வாண்டு முதலே ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில் ஆலையில் இவ்வண்டி தயாராகி வந்தது. ஜப்பானில் கருவான வண்டிக்கு உடை தைத்தது அமெரிக்கச் சமவெளியின் காற்றே எனலாம்.

கூடுகளிலும் இருவகை உண்டு. வௌவால் இறகின் வடிவில் ஃபோர்க்குடன் இணைந்து திரும்பும் கூடு, ஓட்டுநருக்கு அருகில் இருந்து நன்கு காக்கிறது. எனினும் பக்கக்காற்று அடிக்கும்போது அந்த விசையை நேரே கைக்குக் கடத்திவிடுகிறது. சட்டத்தோடு பிணைந்து திரும்பாமல் நிற்கும் கூடு காற்றின் தள்ளலை வண்டியின் உடலுக்கே கொடுத்து ஹேண்டில்பாரை இலகுவாக்குகிறது. கண்ணாடி குட்டையாக இருந்தால் அதன் விளிம்பில் கிளம்பும் சுழற்காற்று ஹெல்மெட்டை விடாது குலுக்கும். உயரமாக இருந்தாலோ கோடை வெயிலில் காற்றே படாமல் எஞ்சின் சூட்டில் உடல் வேகும். வி எஞ்சினில் பின் சிலிண்டர் ஓட்டுநரின் தொடைக்குக் கீழே இருப்பதால் அச்சூடு இன்னும் கடுமை. 2014-ஆம் ஆண்டு ஹார்லி வண்டிகளுக்கென, இவ்வழியில் பின்னர் வரும் ரஷ்மோர் மலையின் பெயரால் அழைக்கப்பட்ட மாற்றத் திட்டத்தில், சில டூரிங் வண்டிகளின் சிலிண்டர் தலைகளுக்கு நீர்க் குளிர்விப்பு கொடுக்கப்பட்டது. ஆறு சிலிண்டர்களைத் தரைக்கு இணையாகப் பக்கத்துக்கு மூன்றாகக் கிடத்திய கோல்ட் விங்கில் இந்தச் சூடு குறைவு, அதிர்வும் ஏறக்குறைய இல்லை. ஆனால் அச்சிலிண்டர்களே வழிமறிப்பதால் காலை முன்னே நீட்ட இடமில்லை.

சேம்பர்லின் ஊரில் மிசூரி ஆறு குறுக்கிடும் இடத்தில், நட்சத்திர வேலைப்பாடுள்ள போர்வையை விரித்து நிற்கும் பழங்குடிப் பெண்ணின் 15 மீட்டர் உயர எஃகுச் சிலை 2016 முதல் நிற்கிறது. அச்சிலை உள்ள ஓய்விடத்தில் அயோவா மாநிலத்திலிருந்து கோல்ட் விங்கில் வந்த இணையர் இளைப்பாறிக்கொண்டிருந்தனர். முன்பு வைத்திருந்த க்ரூசரை விற்றதற்குக் காரணம் கணவர் அல்லர், பின்னிருக்கையில் அமரும் மனைவி. அந்த வண்டியின் சிறிய பின்னிருக்கையில் 150 கிலோமீட்டருக்கு மேல் தம்மால் இருக்க முடியவில்லை என்றும், வண்டியை ஓட்டுபவர் தேர்ந்தெடுத்தாலும் பயணம் எவ்வளவு தூரம் என்பதைப் பின்னால் அமர்பவரே தீர்மானிக்கிறார் என்றும் அவ்வம்மையார் சொன்னார். தமிழகத்தில் நூறு சிசி வண்டியின் பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்து, மடியில் குழந்தையுடனும் கையில் பையுடனும் செல்லும் பெண்களின் கருத்து, வண்டி வாங்கும்போது கேட்கப்படுவது அரிது என்பது இங்கே நினைக்கத்தக்கது.

பேட்லேண்ட்ஸ், வால்: நிற்கும்போது தெரியும் எடை

மிசூரிக்கு மேற்கே பயிர் நிலம் மறைந்து மேய்ச்சல் நிலம் தொடங்குகிறது. புல்வெளி திடீரென உடைந்து, வெளிர் சிவப்பும் சாம்பலும் மஞ்சளுமான படுகைகள் அடுக்கடுக்காகத் தெரியும் பேட்லேண்ட்ஸ் பள்ளத்தாக்குகளில், மழையும் காற்றும் ஆண்டுக்குச் சராசரி 2.5 சென்டிமீட்டர் அளவுக்கு மண்ணை அரித்துச் செல்கின்றன. நிழலற்ற இந்நிலத்தின் காட்சிமுனைகள் ஒவ்வொன்றிலும் நின்று நின்று செல்ல வேண்டியிருப்பதால், நெடுஞ்சாலையில் மறைந்திருந்த எடை இங்கே தன்னைக் காட்டுகிறது. ஓடும் வண்டியைச் சக்கரங்களின் சுழற்சியும் முன் ஃபோர்க்கின் சாய்வும் தாமே நிமிர்த்தி வைக்கின்றன. நடைவேகத்துக்குக் கீழே அந்த உதவி அற்றுப்போக, முழுப் பொறுப்பும் ஓட்டுநரின் காலுக்கு வருகிறது. சரிவான வாகன நிறுத்தத்தில் முன்சக்கரம் கீழ்நோக்கி இருக்க நிறுத்தியவர், 400 கிலோவைக் காலால் பின்னோக்கித் தள்ள இயலாமல் துணைக்கு ஆள் தேடும் காட்சி அங்கு அடிக்கடி காணக்கூடியது. வெயிலில் இளகிய தாரில் சைடு ஸ்டாண்ட் புதைந்து வண்டி சாயாதிருக்க, அதன் அடியில் வைக்கும் சிறு தகட்டைப் பலர் சட்டைப்பையிலேயே வைத்திருக்கின்றனர்.

1988 முதல் கோல்ட் விங்கில், ஸ்டார்ட்டர் மோட்டாரின் வலுவைக் கொண்டு வண்டியை மெல்லப் பின்னே நகர்த்தும் வசதி தரப்பட்டுள்ளது. எடையால் வந்த இடரைத் தீர்க்க மேலும் ஒரு கருவி சேர்க்கப்பட்டதென்பது மில்வாக்கியில் கண்ட வரலாற்றின் தொடர்ச்சியே. சாய்ந்த வண்டியைத் தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு: வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் பின்புறத்தைப் பதித்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சட்டத்தையும் பற்றி, முதுகை வளைக்காமல் கால்களின் வலுவால் பின்னோக்கி நடக்க வேண்டும். இம்முறை கைவந்தவர்கள், மெலிந்த உடலுடைய பெண்கள் உட்பட, கனத்த வண்டியை நிமிர்த்திவிடுகின்றனர். இருக்கை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரத்திலேயே இருப்பதால் குட்டையானவருக்கும் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும் என்பது இவ்வண்டிகளின் பக்கம் நிற்கும் வலுவான வாதம்.

அருகிலுள்ள வால் என்னும் சிற்றூரில் 1931-இல் மருந்துக்கடை வாங்கிய ஹஸ்டெட் குடும்பம், வியாபாரம் மந்தமாக இருந்த காலத்தில், இலவசப் பனிநீர் கிடைக்கும் என்று நெடுஞ்சாலையோரம் பலகைகள் நட்டது. இன்று ஒரு தெருப்பக்கத்தையே அடைத்து நிற்கும் அந்தக் கடையில் பனிநீர் இன்றும் இலவசம். காப்பி ஐந்து சென்ட். வெயிலில் வெந்து வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் டோனட்டும் காட்டெருமை இறைச்சி பர்கரும் உண்டபடி வண்டி பேசும் இடம் அது.

ஸ்டர்ஜிஸ்: கூட்டமும் ஒலியும்

ஏறக்குறைய 7,000 பேர் வாழும் ஸ்டர்ஜிஸ் ஊரில் ஆகஸ்ட் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் விழாவுக்காகப் பல லட்சம் பேர் கூடுகின்றனர். இவ்விழாவை 1938-இல் தொடங்கியது ஜாக்பைன் ஜிப்சீஸ் என்னும் உள்ளூர்க் கழகம். அதன் முதன்மையானவர் கிளாரன்ஸ் ஹோயல். மில்வாக்கி நிறுவனமான ஹார்லியின் திருவிழா என்று இன்று பலரும் எண்ணும் இதைத் தொடங்கியவர், அதன் போட்டி நிறுவனமான இந்தியன் மோட்டார் சைக்கிளின் விற்பனையாளர் என்பது வரலாற்றின் சுவையான முரண். மாசசூசெட்ஸில் பிறந்த அந்நிறுவனம் 1953-இல் உற்பத்தியை நிறுத்தியபின், 1955 முதல் 1960 வரை இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு வண்டிகளே இந்தியன் பெயர் தாங்கி அமெரிக்காவில் விற்கப்பட்டன. அதே 1955-இல்தான் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவானது. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை அமெரிக்க முகமூடி அணிந்து சில ஆண்டுகளில் ஓய, மற்றொரு கிளை திருவொற்றியூரில் வேரூன்றித் தாய்மரத்தைவிட நீண்டு வாழ்ந்தது.

பிரதான வீதியின் நடுவிலும் ஓரங்களிலும் நெருங்கி நிற்கும் வண்டிகளில் கணிசமானவை, உரிமையாளரின் டிரக்குக்குப் பின்னால் இழுவைப் பெட்டியில் ஏறி வந்தவை. ஆயிரம் கிலோமீட்டரைச் சளைக்காமல் கடக்கவென்றே வாங்கிய வண்டியைச் சுமந்து வருவது ஏளனத்துக்கு உள்ளானாலும், முதுகுவலியும் விடுப்புக் குறைவும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தலைமுடி நரைத்தோரின் பங்கு கண்கூடாகத் தெரிய, இரு பின்சக்கரங்கள் கொண்ட மூன்று சக்கர வண்டிகளும் பெருகியுள்ளன. எடையைத் தாங்கும் கால் தளர்ந்தபின் இவ்வண்டிப் பிரியர்கள் இலகுவான வண்டிக்கு இறங்காமல், சக்கரத்தைக் கூட்டிக்கொள்கின்றனர். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு இம்மாநிலத்தில் ஹெல்மெட் கட்டாயமில்லை என்பதும், வெற்றுத் தலையுடன் குடும்பம் குடும்பமாகச் செல்வோரைக் காண்பதும், சட்டத்தால் ஹெல்மெட் கட்டாயமான நாட்டிலிருந்து செல்பவருக்கு வியப்பளிப்பன.

ஊருக்கு வடகிழக்கே தனித்து எழும் பேர் பியூட் குன்று, லகோட்டா, ஷையன் உள்ளிட்ட பழங்குடியினருக்குப் புனிதத் தலம். நோன்பிருந்து வழிபட வருவோர் மரக்கிளைகளில் கட்டிச் சென்ற வண்ணத் துணிகள் பாதையோரம் அசைகின்றன. மாற்றியமைத்த சைலன்சர்களின் முழக்கம் அக்குன்று வரை கேட்பதையும், அதனருகே விழா மதுக்கூடங்கள் பெருகுவதையும் பழங்குடியினர் எதிர்த்து வந்துள்ளனர். உரத்த ஒலி கார் ஓட்டுநரை எச்சரித்து உயிர்காக்கும் என்பது பல க்ரூசர்காரர்களின் வாதம். ஒலி பெரும்பாலும் பின்னோக்கியே செல்வதால் எதிரே வரும் காருக்கு அதனால் பயன் குறைவு என்பது மறுவாதம். குன்றின் அடியில் நிற்பவருக்கு, நிறைகுறைப் பட்டியலில் ஓட்டுநர் அல்லாதவருக்கும் ஒரு வரிசை இருக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

பிளாக் ஹில்ஸ்: சாய்வின் எல்லை

ஊசியிலை மரங்கள் அடர்ந்து தொலைவிலிருந்து கருமையாகத் தெரியும் இம்மலைகள், 1868 ஒப்பந்தத்தின்படி லகோட்டா மக்களுக்கு உரியவை. தங்கம் கண்டறியப்பட்டபின் அவை பறிக்கப்பட்டதற்கு இழப்பீடு தரவேண்டும் என 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், நிலமே வேண்டும் என்று அம்மக்கள் பணத்தை ஏற்கவில்லை. சாலையோரக் கடைகளில் கிடைக்கும் பொரித்த ரொட்டியும், அதன்மேல் ஊற்றும் காட்டுப்பழக் கூழான வோஜாபியும் அவர்களின் சமையல்.

ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்த பீட்டர் நார்பெக், நடந்தும் குதிரையிலும் சென்று தடம் பார்த்த அயர்ன் மவுண்டன் சாலை, வேகத்துக்காக அன்றிக் காட்சிக்காக அமைக்கப்பட்டது. 17 மைல் தொலைவில் 300-க்கும் மேற்பட்ட வளைவுகள், தம்மைத் தாமே சுற்றி ஏறும் மரப்பாலங்கள், ரஷ்மோர் மலையின் முகச் சிற்பங்களைச் சட்டமிட்டுக் காட்டும் குகைவழிகள் ஆகியவை அதன் சிறப்பு. ஒரு வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும்தான் தீர்மானிக்கின்றன. வண்டியின் எடைக்கு அதில் பங்கில்லை. எனவே கனத்த வண்டி வளையாது என்பது பிழையான கருத்து. உண்மையான தடை, அது தாழ்ந்திருப்பதே. பெரும்பாலான க்ரூசர்கள் 30 டிகிரியை ஒட்டிச் சாய்ந்ததும் கால்வைக்கும் பலகை தரையைத் தொட்டு உரசுகிறது. விளையாட்டு வகை வண்டிகள் 45 டிகிரிக்கும் அப்பால் சாயவல்லவை. உரசும் ஒலி கேட்டதும் அஞ்சி வண்டியை நிமிர்த்துபவர் எதிர்த் தடத்துக்குப் போய்விடுவார் என்பதால், வளைவுக்கு முன்பே வேகம் குறைப்பதும், திரும்ப வேண்டிய பக்கத்து ஹேண்டிலை மெல்ல முன்னே தள்ளிச் சாய்வைத் தொடங்குவதும் இங்கே இன்றியமையாத கலை. சமவெளியின் நேர்ச்சாலையில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையான பின் டயர், வளைவில் சாய மறுத்துப் பின் சட்டென விழுவது போன்ற உணர்வைத் தரும். டயர் நீண்டு உழைக்க வேண்டுமெனக் கார் டயரையே பின்சக்கரத்தில் மாட்டும் கோல்ட் விங்காரர் சிலரின் பழக்கம், ஐ-90-இல் சிக்கனமாகவும் இம்மலையில் சண்டைக்குரியதாகவும் தோன்றுவது இதனாலேயே.

கஸ்டர் பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டெருமைகள் திரிகின்றன. மந்தை சாலையை மறித்து நின்றுவிட்டால், அது நகரும்வரை எஞ்சினை அணைத்துக் காத்திருப்பதே வழக்கம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்துக்கு ஒதுங்கி ஏறிப் பழகியவருக்கு இம்மலைச்சாலை கடினமன்று. ஆனால் அங்கே 150 சிசி வண்டியை இடுப்பால் திருப்பும் எளிமையை இங்கே கனரக வண்டியில் எதிர்பார்க்க இயலாது.

பேர்டூத் கணவாய்: கணக்கு முடியும் இடம்

வயோமிங்கின் பிக்ஹார்ன் மலைகளைத் தாண்டி மொன்டானாவின் ரெட் லாட்ஜ் ஊரை அடைந்தால், 1936-இல் திறக்கப்பட்ட பேர்டூத் நெடுஞ்சாலை தொடங்குகிறது. தொட்டபெட்டாவைவிட 700 மீட்டர் உயர்ந்து, 3,337 மீட்டரில் அது உச்சியைத் தொடுகிறது. மரங்கள் நின்றுபோய், ஆகஸ்டிலும் பனித்திட்டுகள் கிடக்கும் அவ்வெளியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடே. எரிபொருளை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் புதிய எஞ்சின்கள் தம்மைச் சரிசெய்துகொண்டாலும் வலு குறையவே செய்யும். 1,800 சிசி எஞ்சினுக்கு அக்குறை பெரிதாகத் தெரிவதில்லை என்பதால், பெரிய எஞ்சின் இங்கே தன் எடைக்கு ஈடு செய்கிறது. இருநாள் முன்பு சமவெளியில் 35 டிகிரிக்கு மேல் வெந்தவர்கள், இங்கே பத்து டிகிரிக் குளிரில் சூடேற்றும் கைப்பிடிகளையும் முகப்புக்கூட்டையும் வாழ்த்துகின்றனர். இறக்கத்திலோ 400 கிலோ வண்டியும் இருவரும் மூட்டைகளும் சேர்ந்த பாரத்தைப் பிரேக் மட்டும் தாங்கினால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். தாழ்ந்த கியரில் எஞ்சினின் இழுப்பாலேயே வேகத்தை அடக்க வேண்டும்.

உச்சியில் க்ரூசர்காரர்களும் டூரிங்காரர்களும், 250 கிலோ அளவிலான உயரமான சாகசப் பயண வண்டிகளில் வந்தவர்களும் ஒன்றாக நின்று பேசுகையில், யாரும் யாரையும் வென்றதாகத் தெரியவில்லை. சமவெளியில் களைத்த க்ரூசர் வளைவுகளின் அழகை மெதுவாகச் சுவைத்ததாகவும், சமவெளியை ஆண்ட டூரிங் வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் அச்சம் தந்ததாகவும், சாகச வண்டி எங்கும் இடறாவிட்டாலும் பின்னிருக்கைத் துணையை வீட்டில் விட்டுவரச் செய்ததாகவும் அவரவர் கூறினர். ஒவ்வொரு குற்றச்சாட்டிலும் வண்டியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிலத்தின் பெயர் இருந்தது.

ஆகவே கனரக வண்டியை எடைபோட விரும்புபவர் முதலில் எடைபோட வேண்டியது தாம் ஓட்டப்போகும் சாலையை. மலைக்கும் வீட்டுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டர் நேர்ச்சாலை கிடக்கும் நாட்டில் 400 கிலோ நியாயமான விலை. வேளச்சேரி நெரிசலிலோ, ஆட்டோவும் மாடும் திடீரெனக் குறுக்கிடும் மாநிலச் சாலையிலோ, மணிக்குப் பலமுறை காலூன்ற வேண்டியவருக்கு அதே எடை நாள்தோறும் செலுத்தும் தண்டம். சென்னையை அடுத்த ஆலைகளில் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் 648 சிசி க்ரூசரான சூப்பர் மீட்டியர் 241 கிலோவில் நின்றுகொண்டதை, அமெரிக்க அளவை எட்ட முடியாத குறையாகக் கருதுவோர் உண்டு. மில்வாக்கியிலிருந்து பேர்டூத் வரை சென்று பார்த்தால், அந்த 241 கிலோ வேறொரு நிலத்துக்கான விடை என்பதும், அமெரிக்க வண்டியின் பருமன் அமெரிக்கத் தொலைவின் விளைவேயன்றி மோட்டார் சைக்கிள் கலையின் உச்சம் அன்று என்பதும் உறுதிப்படும்.